தலைகீழ் லாவெண்டர்

தட்… தட்… டப்.

கேட்டதா மிஸ்? பயந்துவிடாதீர்கள். பேயும் இல்லை, திருடனும் இல்லை, என் மாமியார்தான். உள் அறையில் வேலையாக இருக்கிறார்கள். மைக்கு இரண்டு தட்டு, அட்டைக்கு ஒரு டப். நீங்கள் அந்த நாற்காலியில் உட்காருங்கள், ஃபேன் காற்று அங்கேதான் விழும். கையில் எடுத்த கட்டு முடியாமல் அவர்கள் எழுந்து வர மாட்டார்கள். காலமெல்லாம் போஸ்ட் ஆபீஸில் இருந்தவர்கள். கவுண்டருக்கு முன்னால் ஆள் நின்றால் தலையை நிமிர்த்தக் கூடாது என்று அங்கே சொல்லிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது.

அவர்கள் மெல்ல வரட்டும். நான் இருக்கிறேனே. உண்மையில் நீங்கள் பார்க்க வேண்டியது என்னைத்தான். வாசலில் நின்று, "ஊதாப்பூ கார்டு போடுற அம்மா வீடு இதுதானே?" என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் ஒரு சின்னப் பிசகு. அந்த ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் என்னுடையது. யோசனை என்னுடையது. நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்துப் பொன்விழாவுக்கு வாழ்த்து அட்டை சொல்ல வந்திருக்கிறீர்களோ, அந்தப் பள்ளிக்கூடமும் என்னுடையது. எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரைக்கும் அந்த கான்வென்ட்தான். நீங்கள் புதிதாகச் சேர்ந்த கிராஃப்ட் மிஸ், உங்களுக்குத் தெரிந்திருக்காது. சிஸ்டர் அலோஷியாவிடம் ஷைனி என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு கிராஃப்ட் எடுத்தவரே அவர்தான். வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் என் தையலைத் தூக்கிக் காட்டி, "ஷைனி, உன் கைக்கு அழுத்தமே கிடையாது" என்றார். அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து யாருக்குக் கிடைக்கும்? இன்றைக்கும் அதை நினைத்துக்கொண்டுதான் ஸ்டாம்பை எடுக்கிறேன்.

ஆகவே இந்த ஆர்டர் எனக்கு வர வேண்டியது. நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கள்.

"யாருட்டி அங்க?"

ஒண்ணுமில்ல அத்தை, நம்ம வீட்டுக்கு வந்தவங்கதான், நான் பேசிட்டு இருக்கேன்!… இப்படித்தான் மிஸ். இரண்டு வார்த்தை பேச விட மாட்டார்கள்.

முதன்முதலாக இந்தச் சத்தத்தை நான் கேட்டது போன ஐப்பசி மழையில். அப்போதுதான் இருட்டியிருந்தது, கரண்ட் போயிருந்தது. என் வீட்டுக்காரர் ஆல்வின் மஸ்கட்டில் இருக்கிறார். மாமியார் எங்கள் சபைக் கோயிலில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்குப் போயிருந்தார்கள், அதாவது போயிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். குழந்தை ரூபன் தொட்டிலில். வீட்டில் நான் மட்டும். நான் பயந்த சுபாவம் கிடையாது மிஸ். பல்லி, இடி, பின்பக்கத்து முருங்கை மரம், போனில் தெரியாத நம்பர், இந்த நாலைத் தவிர எனக்கு எதற்கும் பயமில்லை. ஆனால் கூடத்து இருட்டுக்கு அப்பாலிருந்து தட், தட், டப் என்று வந்தால் என்ன செய்வீர்கள்? யாரோ நிதானமாக எதையோ உடைக்கிற மாதிரி. நான் சமயோசிதமாக நடந்துகொண்டேன். வீட்டில் எது மிக முக்கியமோ அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலோரக் கதவு வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பூரணி அக்கா மெழுகுவர்த்தியோடு வந்து கதவைத் திறந்தாள். நான் அவள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து ஸ்டாம்ப் பெட்டியைத் திறந்து, பூவும் இலையும் ஒட்டிய கட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். பியோனி இருக்கிறது, யூகலிப்டஸ் இருக்கிறது, ஃபெர்ன் இருக்கிறது. லாவெண்டர் இல்லை.

"ஐயோ அக்கா, லாவெண்டர் போச்சு!"

"அது யாருட்டி?"

"லாவெண்டர்க்கா!"

"அது கெடக்கட்டும். பிள்ள எங்க?"

இந்த மாதிரிச் சமயத்தில் கேட்கிற கேள்வியா மிஸ் அது? குழந்தை தூங்குகிறான். திருடன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் போய்விட முடியும், நாலாவது வீட்டிலேயே அழுதுவிட மாட்டானா? பூரணி அக்காவுக்கு இதெல்லாம் விளங்காது. கையில் கிடைத்த உலக்கையோடு அவள் முன்னால் ஓட, அவள் வீட்டுக்கார அண்ணன் டார்ச்சோடு பின்னால் ஓட, அவர்களுக்குப் பின்னால் நான். உள்ளே போய்ப் பார்த்தால், சாப்பாட்டு மேஜையில் எமர்ஜென்சி விளக்கு, அதற்கு முன்னால் மாமியார். மழைக்குக் கூட்டத்தை நிறுத்திவிட்டார்களாம், பின்வாசல் வழியாக வந்திருக்கிறார்கள். மடியில் ரூபன். வலது கையில் என் லாவெண்டர். முன்னால் என் வெள்ளை அட்டைகள். தட், தட், டப்.

எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, ஊர்வலமா வாரிய?" என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ள அழுதான், தூக்கிட்டேன். நீ கடைக்குப் போயிருந்தியோ?"

அவ்வளவுதான். திருட்டுக்கு ஒரு வார்த்தை மன்னிப்பு இல்லை.

நான் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் இந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. ரூபன் பிறந்து, ஆல்வினும் விமானம் ஏறிவிட்ட பிறகு பகல் முழுக்க நானும் அவனும்தான். அவனுக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்ப்பது, அவன் விழித்துக்கொண்டால் தூங்க வைப்பது, தூங்கினால் மறுபடி விரல். அந்த நாட்களில்தான் போனில் பார்த்தேன், வெளிநாட்டில் ஒரு பெண், மரக்கட்டையில் ஒட்டிய ரப்பர் ஸ்டாம்பை அட்டையின் ஓரத்தில் பூப்போல வைத்து எடுக்கிறாள். ஒரு சின்ன இலை. மற்றதெல்லாம் வெறுமை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கே ஆர்டர் போட்டேன். பொட்டானிக்கல் செட். பன்னிரண்டு செடிகள். ஒன்றுகூட நம் தெருவில் முளைக்காது, அவ்வளவு உயர்ந்த செட்.

மாமியார் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள். "என்னட்டி, களையா வாங்கிப் போட்டிருக்க?"

களை! யூகலிப்டஸைப் பார்த்துக் களை!

என் முறையைக் கேளுங்கள் மிஸ், நீங்கள் கிராஃப்ட் மிஸ், உங்களுக்குப் புரியும். மை பச்சை இல்லை. பச்சையைத் தண்ணீரில் கரைத்து, அதில் சாம்பலைத் தூவி, அதையும் யாரோ தூரத்தில் நின்று நினைத்துப் பார்ப்பது மாதிரி ஒரு நிறம். ஸ்டாம்பை மையில் தோய்க்கக் கூடாது, மைக்கு ஸ்டாம்ப் வந்திருப்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். அட்டைக்கு மேலே கொண்டுவந்து, மூச்சை நிறுத்தி, வைத்து, எடுத்துவிட வேண்டும். நல்ல நாளில் மத்தியானத்துக்குள் ஆறு அட்டை முடிப்பேன். அதில் நாலு நன்றாக வரும். இரண்டில் என்ன இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும், ஆனால் சொன்னால் தெரியும்.

பூரணி அக்காவிடம் முதல் அட்டையைக் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிரிண்டுல மை தீந்து போச்சோ?" என்றாள். நான் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். ரசனை என்பது பள்ளிக்கூடத்தில் வருவது. அவள் எங்கே படித்தாள் என்று நான் கேட்கவும் இல்லை, கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம் என்று எனக்கே தெரியும்.

அப்புறம் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. நீங்கள் எந்தச் சபை மிஸ்? ஆர்.சி.யா? அப்படியென்றால் எங்கள் பண்டிகை பார்த்திருக்க மாட்டீர்கள். அவரவர் வீட்டில் விளைந்ததை, செய்ததை, நன்றியாக ஆலயத்துக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். கோழி, தேங்காய்க் குலை, முட்டை, கேக்கு. பாஸ்டருக்குத் துணையாக இருக்கிற உபதேசியார் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டிக் கூவுவார். நான் என் அட்டைகளில் நல்லதாகப் பொறுக்கி, சணல் கயிற்றில் கட்டி, ஒரு தட்டில் வைத்தேன். என் முதல் கண்காட்சி!

உபதேசியார் கட்டைத் தூக்கினார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "அடுத்து… அட்டை" என்றார்.

ஒருவரும் விலை கேட்கவில்லை.

"வெள்ளை அட்டை. நல்ல கனமான அட்டை."

பின்னாலிருந்து யாரோ, "எழுதாத அட்டையா உபதேசியாரே?" என்று கேட்டார்கள். நான் எழுந்து விளக்கியிருப்பேன், மாமியார் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். உபதேசியார் அங்குமிங்கும் பார்த்தார். அடுத்த வரிசையில் ஒரு பெரிய பூசணிக்காய் இருந்தது. என் கட்டை எடுத்து அதன் தலையில் வைத்தார். "பூசணிக்காயும் அட்டையும் சேத்து! கேளுங்க!"

பூசணிக்காய்க்கு நல்ல போட்டி மிஸ். சந்தைக்கடைத் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிற தாசையா அண்ணன்தான் எடுத்தார். அந்த அட்டைகளை அவர் வீணாக்கவும் இல்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் பாருங்கள், அரிசி மூட்டை ஒவ்வொன்றிலும் என் அட்டையைக் குத்தி வைத்திருக்கிறார். பொன்னி, கர்நாடகா, இட்லி அரிசி என்று நடுவில் பெரிதாக எழுதி. ஓரத்தில் என் ஃபெர்ன். "எழுத எவ்வளவு எடம் விட்டிருக்கிய!" என்று என்னிடமே பாராட்டினார். இந்த ஊரில் கடையில் நிரந்தரமாகக் காட்சிக்கு வைத்திருக்கிற கலைஞர் வேறு யார் இருக்கிறார், சொல்லுங்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மாமியார் கேலி செய்வார்கள் என்று காத்துக்கொண்டே வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "நீ ரொம்பப் பயந்து பயந்து வைக்க. தாளு கடிச்சிராதுட்டி" என்றார்கள். பாருங்கள், ஒருத்தி பூசணிக்காயோடு ஏலம் போய் வந்திருக்கிறாள், அவளிடம் சொல்கிற வார்த்தையா?

அவர்களுக்கு என்ன தெரியும்? சித்திரையில் ரிட்டயர் ஆனார்கள். ரிட்டயர் ஆன அன்றைக்கு மாலை போட்டு, சால்வை போட்டு, ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். அதோடு சரி. மறுநாள் காலையில் குளித்துச் சேலை மாற்றி, டிபன் கேரியரைக் கழுவி வைத்துக்கொண்டு, இந்த நாற்காலியில், நீங்கள் இருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கே போக என்று நான் கேட்டேன். டிபன் கேரியரை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். பிறகு பல நாள், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வலது கையால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். மூன்று மூன்றாக. எனக்குத் தலைவலி வந்துவிடும். "அத்தை, அந்தக் கையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியாதா?" என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அன்றைக்கிலிருந்து கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் என் லாவெண்டரை எடுப்பார்கள் என்று யார் கண்டது?

சரி, அந்த மழை இரவுக்கு வருகிறேன். பூரணி அக்கா உலக்கையைச் சாத்திவிட்டு மேஜையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஏ, அழகா இருக்கே!" என்றாள்.

என்ன அழகு மிஸ்? நீங்களே சொல்லுங்கள். என் மை டப்பாவைத் தொடவில்லை, அதை மை என்றே அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை. கடையிலிருந்து ஊதா ஸ்டாம்ப் பேட் வாங்கி வந்திருக்கிறார்கள், அதுதான், எல்லா ஆபீஸிலும் இருக்குமே, விரலில் பட்டால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் போகாதே, அந்த ஊதா. அட்டைக்குக் கீழே பழைய செய்தித்தாளை மடித்து மெத்தை மாதிரி போட்டிருக்கிறார்கள், தபாலுக்கு முத்திரை குத்துகிற மாதிரியே. லாவெண்டரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். தலைகீழாக! பூ கீழே தொங்குகிறது. "அத்தை, அது லாவெண்டர், நேராக நிற்கும்" என்கிறேன். பூரணி அக்கா, "நெல்லுக் கதிரு மாதிரி தொங்குதுல்லா, அதான் நல்லாருக்கு" என்கிறாள். ஊதா நெல்! கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அதுவாவது போகட்டும். இன்னொரு கூத்து. அட்டையை உறைக்குள் போட்டு, உறையை மூடி, மடிப்பின் மேலே ஒரு பூ குத்துகிறார்கள். பாதி மூடியில், பாதி உறையில். ஆபீஸ் கவர்களில் யாரும் பிரித்துவிடக் கூடாது என்று ஒட்டின இடத்தில் சீல் அடிப்பார்களே, அந்தப் பழக்கம். வாழ்த்து அட்டைக்குச் சீல்! உறையைப் பிரித்தால் பூ இரண்டாகப் பிளந்துவிடும். நான் சொன்னேன், "அத்தை, பூவை உடைக்கிறோம், அபசகுனம்." அவர்கள் சொன்னார்கள், "நமக்குன்னு வந்தத நாமதான் முதல்ல பிரிக்கோம்னு தெரியணும்லா."

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஐக்கியத்துப் பெண்கள் எல்லாரும் கேட்டு வாங்கிப் போனார்கள். பாஸ்டர் வீட்டில் பிரிக்கவே மனசில்லாமல் மூன்று நாள் ஷோகேஸில் வைத்திருந்தார்களாம். பிறகு ஞானஸ்நானத்துக்கு, கல்யாணத்துக்கு, எதிர்த்தெருவில் வளைகாப்புக்கு. ஆசாரியைக் கூப்பிட்டு என் பியோனிக்கு நீளமாகக் கைப்பிடி போட்டுவிட்டார்கள். பூரிக்கட்டை மாதிரி இருக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்தால், மிஸ், வாழ்த்துச் சொல்கிற மாதிரியா இருக்கும்? அபராதம் போடுகிற மாதிரி இருக்கும்.

ஆல்வினும் அப்படித்தான். போனில் நான் என் யூகலிப்டஸைக் காட்டுகிறேன். "ம், நல்லாருக்கு, நல்லாருக்கு. அம்மா கார்டு பத்து அனுப்பேன், ஆபீஸ்ல கேக்காங்க" என்கிறார். அம்மா கார்டாம்.

நான் அனுமதித்தேன் மிஸ். அதைத்தான் நீங்கள் சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். ஷைனி அனுமதித்தாள் என்று. வயதானவர்கள், பொழுது போக வேண்டும், செய்துவிட்டுப் போகட்டும் என்று பெரிய மனதோடு இருந்தேன். ஒரே ஒரு முறை மட்டும், அவர்களுடைய கண்ணுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று, அந்த ஊதா பேடை எடுத்துத் தொட்டிலுக்கு அடியில், துணி மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். நல்லெண்ணத்தில். அவர்கள் தேடு தேடு என்று தேடினார்கள். நானும் கூடச் சேர்ந்து தேடிக் கொடுத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் கண் அசந்துவிட்டேன். விழித்துப் பார்த்தால், மிஸ், ரூபன் தரையில் உட்கார்ந்திருக்கிறான். உதடு ஊதா. மூக்கு ஊதா. விரல் நகமெல்லாம் ஊதா. மூச்சு நின்றால் பிள்ளைகள் இப்படித்தான் ஆவார்கள் என்று படித்திருக்கிறேன். தினம் தினம் எதற்குப் பயந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தேனோ அது. அவனைத் தூக்கிக்கொண்டு செருப்புப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். எந்த ஆட்டோ, என்ன பேசினேன், ஒன்றும் நினைவில்லை. அவன் சிரித்துக்கொண்டே வந்தான் என்று ஆட்டோக்காரர் பிற்பாடு சொன்னார். நான் பார்க்கவில்லை. நான் அவன் உதட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா கொஞ்சம் பஞ்சை நனைத்து அவன் உதட்டில் ஒரு இழுப்பு இழுத்தார். பஞ்சு ஊதாவானது, உதடு சிவப்பானது. நர்ஸ் திரும்பிக்கொண்டு சிரிக்கிறாள். "வீட்ல மை எப்படி இவன் கைல கெடச்சது?" என்று டாக்டரம்மா அதட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு மாமியார். மூச்சு இரைக்கிறது, சேலை பாதி தரையில். கேள்வி காதில் விழுந்திருக்கிறது.

"நான்தான் டாக்டர். நான்தான் கீழ வச்சிட்டேன். வயசாயிட்டுல்லா, மறதி."

பாருங்கள் மிஸ். அவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டோவில் திரும்பும்போதும் நான் அதைக் குத்திக்காட்டவில்லை. அவர்கள்தான் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல" என்று வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்கள். குற்றமுள்ள மனசு, வேறென்ன?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ரூபனைப் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள், காதோரம் ஊதா போகவில்லை. "பாட்டி பிள்ளைக்கும் முத்திரை குத்திட்டாவளா?" என்று கேட்டார்கள். மாமியாரும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். கான்வென்ட் பொன்விழா. பழைய மாணவிகளுக்கெல்லாம் வாழ்த்து அட்டை போகப்போகிறது, அதில் எனக்கும் ஒன்று வருமல்லவா? என் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு வருகிற அட்டையில் போஸ்ட் ஆபீஸ் ஊதாவில் தலைகீழ்ச் செடி இருந்தால் நான் என்ன ஆவது? சிஸ்டர் அலோஷியா என்ன நினைப்பார்? அவர் ரசனை உள்ளவர். என்ன… சிஸ்டர்தான் அந்த ஊதா அட்டையைப் பார்த்துவிட்டு அனுப்பினாரா? எங்கே பார்த்தார்? பாஸ்டர் வீட்டு ஷோகேஸிலா? அது வெளிச்சம் இல்லாத இடம் மிஸ், அங்கே எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

இருங்கள், போகாதீர்கள். இப்போதே உங்கள் முன்னால் ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ரூபன், மேஜையை ஆட்டாதே. இதோ அட்டை. இதோ ஃபெர்ன். இதோ என் மை. நீங்கள் பேச வேண்டாம், மூச்சுக் காற்றுகூட இதற்கு ஆகாது. இப்படி மேலே கொண்டுவந்து… இடம் பார்த்து… சிஸ்டர் சொன்ன அதே கை, அழுத்தமே இல்லாமல்…

கொஞ்சம் நகர்ந்துவிட்டது. இல்லை, இது நடுக்கம் இல்லை, மூடுபனி. கொடைக்கானல் பக்கம் போனால் ஃபெர்ன் இப்படித்தான் தெரியும். இன்னொன்று போடுகிறேன். ரூபன்! சொன்னேனல்லவா! சரி, இன்னொன்று. இதில் பாதி வந்திருக்கிறது. மீதியைப் பார்க்கிறவர்கள் மனதில் வரைந்துகொள்ள வேண்டும், அதுதான் இதன் அழகே. ஏன் மிஸ் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள்?

"வாங்க மிஸ், ரொம்ப நேரமா உக்கார வச்சிட்டாளா?"

வந்துவிட்டார்கள். அத்தை, நான் எல்லாம் பேசி முடித்துவிட்டேன். கான்வென்ட் ஆர்டர், நம்முடைய பச்சை மையில்…

"நம்ம பச்சை மையா? சரி, செய்யேன்ட்டி. மிஸ்ஸுக்குப் பிடிச்சா நீயே செய்யி. எனக்கு இன்னும் ரெண்டு வீட்டுக் கட்டு கெடக்கு."

பார்த்தீர்களா மிஸ், அவர்களே விட்டுக்கொடுக்கிறார்கள். சொல்லுங்கள், சிஸ்டரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்?… ஊதாவா? தொங்குகிற கதிரா? உறையில் சீல் பூவும் வேண்டுமா? சிஸ்டர் அப்படியே சொல்லி அனுப்பினாரா? 'அந்தக் கைதான் வேண்டும்' என்றாரா? எந்தக் கை என்று நீங்கள் சரியாகக் கேட்டீர்களா மிஸ்?

சரி. சரி.

"ஏட்டி, மூஞ்சியத் தூக்காத. மிஸ், இவ எழுத்தப் பாத்தியளா? கான்வென்ட் எழுத்து, முத்து மாதிரி இருக்கும். நான் குத்துதேன். கவர்ல பேரும் விலாசமும் எல்லாம் இவ எழுதட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் கையால எழுதிப் போனா எவ்வளவு சந்தோசப்படும்! என்னட்டி, எழுதுதியா?"

விலாசமா? நான் விலாசம் எழுதுகிறவளா அத்தை? பொட்டானிக்கல் செட்டை இந்த ஊருக்கே கொண்டுவந்தவள் நான். என்னைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணியார்டர் ஃபாரம் நிரப்பித் தருகிற ஆள் என்று நினைத்தீர்களா? மாட்டேன். மிஸ், நீங்கள் சாட்சி, நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"சரிட்டி, கத்தாத. மிஸ், நீங்க உள்ள வாங்க. எத்தனை, எந்தத் தேதிக்குன்னு பேசிருவோம். ரூபன் கண்ணு, நீயும் வா, மிஸ்ஸுக்கு உன் யானையக் காட்டு."

ரூபன், நீ போகாதே. ரூபன்! பார்த்தீர்களா, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அத்தை, கதவைச் சாத்தாதீர்கள், காற்று வரட்டும். நான் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மிஸ், பியோனி வேண்டாம், அது கல்யாணத்துக்கு. இல்லை, நான் உள்ளே வரவில்லை, வாசலில் நின்று சொல்கிறேன். மை ரொம்பத் தோய்க்காதீர்கள் அத்தை. சரி, சரி, போகிறேன்.

மிஸ், ஒரு நிமிடம், கதவை இன்னொரு தரம் தள்ளியதற்கு மன்னிக்க வேண்டும். ஷைனி என்ற பெயரை சிஸ்டரிடம் சொல்வீர்கள்தானே? நீளமாகப் பின்னல் போட்டிருப்பேன், இரண்டாவது பெஞ்ச். அவருக்கு மறந்திருக்காது. மறந்திருந்தால் அந்த அழுத்தமே இல்லாத கை என்று சொல்லுங்கள்.

"ஏட்டி, ஒரு கால்மணி நேரம் எங்களை விடுதியா?"

விட்டுவிட்டேன் அத்தை. இதோ ஹாலுக்கே போய்விட்டேன். இது கடைசி. கதவை முழுக்கத் திறக்க மாட்டேன், இடுக்கில் சொல்லிவிட்டுப் போகிறேன். எழுத மாட்டேன் என்று நான் ஒரேயடியாகச் சொல்லவில்லை. எந்தப் பேனா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும், மை எந்த நிறம் என்று கேட்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நான் மாட்டேன் என்று… அத்தை? பெயர்களை மட்டுமாவது எழுதுகிறேன். என் கிளாஸ் பிள்ளைகள் பெயரையாவது நான் எழுத வேண்டாமா? மிஸ்?

அத்தை, கதவைத் தள்ளாதீர்கள், என் விரல் இருக்கிறது. எடுத்துவிட்டேன், எடுத்துவிட்டேன்.

தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள்.